பேகம் தங்கிவிட்ட ஊர்

எங்கள் ஊர்ப் பெயரிலேயே ஒரு சத்திரம் இருக்கிறது. சத்திரம் என்றால் வழிப்போக்கர்கள் ஒரு ராத்திரி கண்ணயர்ந்துவிட்டு விடிந்ததும் கிளம்பிவிடுகிற இடம். ஒட்டன்சத்திரத்தின் குணம் இன்றைக்கும் அதுதான். சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து தக்காளியும் முருங்கையும் கத்தரியும் மார்க்கெட்டுக்கு வந்து இறங்கும். கமிஷன் கடையில் விலை பேசி, மூட்டை கட்டி லாரியில் ஏற்றினால் அடுத்த நாள் கேரளாவில் யார் வீட்டுச் சாம்பாரிலோ கிடக்கும். ஓணம் நெருங்கினால் மார்க்கெட் பக்கம் கால் வைக்க இடமிருக்காது. இவ்வளவு வந்தும் எதுவும் ஊரில் தங்காது. படித்த பிள்ளைகளும் தங்குவதில்லை. இன்ஜினியரிங் முடித்த கையோடு நானும் பெங்களூருக்கு லோடு ஏறினவன்தான்.

அதனாலேயோ என்னவோ, ஒரு ஊருக்கு யார் வந்தார்கள், யார் ஜெயித்தார்கள் என்பதைவிட யார் அங்கேயே தங்கிவிட்டார்கள் என்பதில் எனக்கு ஆர்வம் அதிகம். அப்படித் தங்கிவிட்ட ஒருவரால் பெயர் பெற்ற குடியிருப்பு ஒன்று எங்களுக்குக் கிழக்கே முப்பது சொச்சம் கிலோமீட்டரில் இருக்கிறது. திண்டுக்கல் பேகம்பூர்.

*

திண்டுக்கல்லுக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் முதலில் போவது மலைக்கோட்டைக்கு. திண்டு மாதிரிச் சாய்ந்து கிடக்கிற மொட்டைப் பாறை, அதன் தலையில் கோட்டை. மதுரை நாயக்கர்களில் முத்துக்கிருஷ்ணப்பர் காலத்தில், 1605இல் எழும்பியது. இன்று தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. வெயில் ஏறுவதற்குள் நாம் ஏறிவிட வேண்டும். பாறை சூடேறிவிட்டால் சோதனைதான்.

1755இல் மைசூர் அரசு தன் படைத்தலைவர் ஒருவரை இங்கே ஃபவுஜ்தாராக அனுப்பியது. கப்பம் கட்டாமல் முரண்டு பிடித்த பாளையக்காரர்களை வழிக்குக் கொண்டுவருவது அவர் வேலை. எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதர்தான் ஹைதர் அலி. ஐடி பாஷையில் சொன்னால், அவர் தனியாகப் பொறுப்பேற்ற முதல் பெரிய பிராஜெக்ட் திண்டுக்கல். பிரெஞ்சுக்காரர்களை வைத்து இங்கே ஆயுதச்சாலை அமைத்தார், படையைப் பெருக்கினார், பணம் சேர்த்தார். 1761 வாக்கில் மைசூர் ராஜ்ஜியமே அவர் கைக்குள் வந்துவிட்டது. அந்த வளர்ச்சியின் அஸ்திவாரம் இந்தப் பாறை.

அப்புறம் நடந்ததெல்லாம் கைமாற்றம். 1783இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. அடுத்த வருஷமே மங்களூர் உடன்படிக்கையில் திப்பு சுல்தானுக்குத் திரும்பியது. 1790இல் மறுபடி ஆங்கிலேயர். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு கும்பெனிக்கே நிரந்தரமானது. மேலே பறந்த கொடி எத்தனை முறை மாறியது என்று மனப்பாடம் செய்வதுதான் வரலாறு என்று நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

மலைக்குக் கீழே வேறு கணக்கு. ஹைதர் அலி 1782இல் சித்தூர்ப் பக்கத்துப் பாசறையில் இறந்து, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அடக்கமானார். அவருடைய சகோதரி அமீருன்னிசா பேகம் திண்டுக்கல்லிலேயே அடக்கமானார். அவர் அடங்கியிருப்பது பெரிய பள்ளிவாசலில். அந்தப் பள்ளிவாசலைச் சுற்றி வளர்ந்த குடியிருப்புதான் பேகம்பூர். அண்ணன் வந்தார், போனார். தங்கை தங்கிவிட்டார்.

ஒன்று கவனியுங்கள். பேகம் என்பது பட்டம். ஊர் எடுத்துக்கொண்டது அவருடைய பட்டத்தை. அமீருன்னிசா என்ற பெயர் கல்லறையோடு நின்றுவிட்டது. கோடு எழுதுகிறவர்களுக்குத் தெரியும், ஒரு வேரியபிளுக்குச் சரியான பெயர் வைப்பதைவிட, வைத்த பெயரின் காரணத்தை அடுத்து வருகிறவனுக்குக் கடத்துவதுதான் கஷ்டம். பெயர் ஓடிக்கொண்டே இருக்கும், காரணம் உதிர்ந்துவிடும். பஸ்ஸிலும் ஆட்டோவிலும் ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் வாய்கள் ‘பேகம்பூர்’ என்கின்றன! அதில் எத்தனை பேருக்கு ஒரு பெண்ணைக் கூப்பிடுகிறோம் என்று நினைவிருக்கும்?

*

பேகம்பூரில் வீட்டுக்குள் உருது பேசுகிறவர்கள் உண்டு. தலைமுறை தலைமுறையாகத் தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாத ராவுத்தர் குடும்பங்களும் உண்டு. அப்பாவை ‘அத்தா’ என்று கூப்பிடுகிற தமிழ் அது. கொஞ்சம் தள்ளி யானைத் தெப்பம் என்று ஒரு பகுதி. பெயரைக் கேட்டாலே கண் முன்னால் ஒரு குளமும் குளிக்கிற யானையும் வந்துவிடும். நகரின் இன்னொரு பக்கம் நாகல் நகர். அங்கே நெசவுக்காரச் சௌராஷ்டிரர்கள். இவர்களில் யாரும் மலை மேல் குடியிருக்கவில்லை. எல்லோரும் அதன் நிழலில் குடியேறி, ஆளுக்கொரு தொழிலைப் பிடித்துக்கொண்டவர்கள்.

பழைய பேட்டைகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அத்தர் வாசனையும் பிரியாணி ஆவியும் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். திண்டுக்கல்லுக்கு இன்னொரு வாசனையும் உண்டு, தோல். ஊர்க்காரர்கள் ‘தோல் ஷாப்பு’ என்பார்கள். ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீர், சுண்ணாம்புக் குழி, அதில் இறங்கி நின்று வெந்துபோன கால்கள். முதலாளிகளில் முஸ்லிம்கள் இருந்தார்கள், மற்றவர்களும் இருந்தார்கள். குழிக்குள் நின்றவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். அவர்கள் சங்கம் வைத்துப் போராடிய கதையைத்தான் இங்கேயே வக்கீலாக இருந்த டி. செல்வராஜ் ‘தோல்’ நாவலாக எழுதினார். 2012இல் அதற்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. தோல் கழிவு இறங்கிய நிலத்தின் கிணறுகள் என்ன ஆயின என்பதை அந்தப் பக்கத்து விவசாயிகளிடம் கேட்டால் இன்னொரு நாவல் கிடைக்கும். ஒரு ஊரை நேசிப்பது என்றால் இந்த வாசனையையும் சேர்த்துத்தான்.

*

பேகம்பூரை எங்கள் ஊர்ப் பக்கத்தோடு இணைக்கிற ஒரு கதையும் இருக்கிறது. ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி ரோட்டில் போனால் விருப்பாச்சி வரும். மலைவாழைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். திண்டுக்கல் சீமைப் பாளையங்களில் ஒன்று. 1772இல் காளையார்கோவிலில் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பிறகு, வேலு நாச்சியார் மகள் வெள்ளச்சியோடு வந்து தங்கியது இங்கேதான். அடைக்கலம் கொடுத்தவர் பாளையக்காரர் கோபால நாயக்கர். அங்கிருந்துதான் ஹைதரிடம் படை கேட்டுத் தூது போனது. வேலு நாச்சியார் திண்டுக்கல்லில் ஹைதரைச் சந்தித்து உருதுவிலேயே பேசினார் என்பார்கள். 1780இல் சிவகங்கையை மீட்டார்.

கப்பம் கேட்டு வந்த ஃபவுஜ்தாரிடமே பின்னாளில் ஒரு பாளையக்காரர் உதவிக்குப் போகிறார். அடைக்கலம் தேடி வந்த ராணிக்காகத் தெலுங்கு பேசுகிற நாயக்கரும் உருது பேசுகிற நவாபும் கைகோக்கிறார்கள். இன்றைய இணையச் சண்டைகளில் ஹைதரையும் திப்புவையும் ஒன்று தெய்வமாக்க வேண்டும், இல்லை பேயாக்க வேண்டும். எங்கள் பக்கத்து வரலாறு இரண்டுக்கும் வளைந்து கொடுக்காது. அது கூட்டணிகளின் கதை. பயம், கடன், நன்றி, வஞ்சம் எல்லாம் கலந்தது. கோபால நாயக்கரை 1801இல் ஆங்கிலேயர் தூக்கிலிட்டார்கள். திண்டுக்கல் நகரத்துக் கோபாலசமுத்திரம் குளம் அவர் பெயரைச் சொல்கிறது என்பார்கள்.

குளத்துக்கு ஒருவர், குடியிருப்புக்கு ஒருவர். இரண்டையும் எந்த அரசாணையும் வைக்கவில்லை. அரசாணை வைத்த பெயர்களின் கதி என்ன என்பதற்கும் திண்டுக்கல்லே சாட்சி. 1985இல் மதுரையிலிருந்து பிரிந்த இந்த மாவட்டம் அண்ணா பெயரிலும், காயிதே மில்லத் பெயரிலும், மன்னர் திருமலை பெயரிலும் மாறி மாறி அழைக்கப்பட்டது. 1997இல் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து தலைவர்களின் பெயர்களை மொத்தமாக எடுத்தபோது வெறும் திண்டுக்கல் ஆனது. பன்னிரண்டு வருஷத்துக்குள் இத்தனை போர்டு. பேகம்பூர் மட்டும் பேகம்பூராகவே இருந்தது.

*

இதெல்லாம் எனக்கு வெறும் வரலாறாகவே இருந்திருக்கும், கல்லூரியில் என்னோடு படித்த பேகம்பூர் நண்பன் மட்டும் பெங்களூரில் வீடு தேடாமல் இருந்திருந்தால்.

லால்பாக் பக்கத்தில் ஒரு இரண்டு பெட்ரூம் வீடு. நானும் கூடப் போயிருந்தேன். வீட்டுக்காரர் நல்ல மனுஷராகத்தான் பேசினார். தமிழும் தெரியும். தினமும் காலையில் லால்பாக்கில் நடப்பதாகச் சொன்னார், காபி கொடுத்தார். சம்பளம், கம்பெனி எல்லாம் கேட்டார். அட்வான்ஸ் வரைக்கும் பேச்சு வந்துவிட்டது. கூப்பிடும் பெயரை மட்டும்தான் இவன் சொல்லியிருந்தான். அதிலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. “திண்டுக்கல்லா? எங்க?” என்றார். “பேகம்பூருங்க.”

அவ்வளவுதான். உள்ளே போய் யாரிடமோ ஏதோ பேசிவிட்டு வந்தார். ஒரு சொந்தக்காரர் கேட்டுக்கொண்டிருந்ததாம், மறந்தே போச்சாம். எங்களை வாசல் வரைக்கும் மரியாதையாக வழியனுப்பினார்.

ரோட்டுக்கு வந்து எனக்குத்தான் கோபம் கோபமாக வந்தது. அவன் சிரித்தான். “பூட்டு எங்க ஊருதுடா. கதவு மட்டும் அவங்களோடது” என்றான். கொஞ்ச தூரம் நடந்தபின், “அத்தாகிட்ட சொல்லாத. வீடு பிடிக்கலைன்னு சொல்லிக்கலாம்” என்றான்.

லால்பாக் தோட்டத்தை 1760இல் போடத் தொடங்கியவர் ஹைதர் அலி. அந்த வீட்டுக்காரர் தினமும் காலையில் மூச்சு வாங்க நடப்பது அண்ணனின் தோட்டத்தில். அவருக்கு வேண்டாமல் போனது தங்கையின் ஊர்ப் பெயர். இதை அவரிடம் போய்ச் சொல்லியிருந்தால் மனம் மாறியிருப்பாரா? மாட்டார். வரலாறு தெரியாததால் யாரும் கதவைச் சாத்துவதில்லை. தெரிந்தவர்களும் சாத்துகிறார்கள். ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. ‘ஒட்டன்சத்திரம்’ என்று நான் சொன்னால், “ஓ, மார்க்கெட்டா?” என்று கேட்டுவிட்டு விடுவார்கள். என் ஊர்ப் பெயர் எனக்கு முன்னால் ஓடிப்போய் எந்தக் கதவையும் தட்டுவதில்லை, சாத்துவதுமில்லை. அவன் ஊர்ப் பெயர் அவனுக்கு ஒரு அடி முன்னால் போகிறது. இருநூறு வருஷத்துக்கும் மேலாக ஒரு பெண்ணின் கல்லறையைச் சுற்றி வீடு கட்டி, பிள்ளை பெற்று, வரி கட்டி வாழ்கிறவர்களைப் பார்த்து, “நீங்க எங்கேருந்து வந்தீங்க?” என்று கேட்பது சத்திரத்துக்காரர்களாகிய நாம். ஒரு ராத்திரிக்கு மேல் எங்கேயும் தங்கிப் பழகாதவர்கள்.

அதற்குப் பிறகு அவன் வேறு இடத்தில் வீடு பிடித்தான், இப்போது சொந்தமாகவே ஃப்ளாட் வாங்கிவிட்டான். பத்திரப்பதிவு அன்று சாட்சிக் கையெழுத்துப் போட நானும் போயிருந்தேன். நிரந்தர முகவரி என்ற இடத்தில் ஊர், மாவட்டம், பின்கோடு போதும் என்றார் ஆவண எழுத்தர். அவன் தாளைத் தன் பக்கம் திருப்பி, திண்டுக்கல்லுக்கு முன்னால் கிடந்த துளி இடத்தில் நுணுக்கி எழுதினான்: பேகம்பூர்.