பின்னட்டையின் சாட்சி

நம் கவிஞர்கள் தங்களைப் பற்றி எழுதிய நல்ல வரிகள் பெரும்பாலும் பின்னட்டையில்தான் இருக்கின்றன, படர்க்கையில், கையெழுத்தில்லாமல். அவற்றை அப்படியே பெயர்த்துக்கொண்டு போய் விக்கிப்பீடியாவில் வைக்கும் காரியமும் நடக்கிறது. 2003ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் அவ்வப்போது திருத்துகிறவர்களில் நானும் ஒருவன். ஒரு நண்பரின் பக்கத்தில் ‘புதுக்கவிதைக்குத் திசை காட்டியவர்’ என்றிருந்தது. யார் சொன்னது என்றில்லை, எடுத்துவிட்டேன். மறுநாள் திரும்ப வந்திருந்தது, அவருடைய தொகுப்பே ஆதாரமாக. ‘நான் யாரென்று உமக்குத் தெரியாதா?’ என்றார் போனில். தெரியும். ஆனால் என் தெரிதல் அங்கே செல்லாது.

விதி இவ்வளவுதான்: எழுதுகிறவனுக்குத் தெரிந்திருந்தால் போதாது, வாசிக்கிறவன் போய்ச் சரிபார்க்க இடம் வேண்டும். அந்த இடம் சம்பந்தமில்லாத மூன்றாவது ஆளுடையதாக இருப்பது நல்லது. தன் பக்கத்தில் தானே கை வைக்காமல், பிழையிருந்தால் உரையாடல் பக்கத்தில் சொல்லிவிட்டு ஒதுங்க வேண்டும். ஸ்தாபகர் ஜிம்மி வேல்ஸுக்கே இது முடியவில்லை. 2005ல் தன்னைப் பற்றிய பக்கத்தில் லாரி சாங்கரை இணை நிறுவனராகக் காட்டிய இடங்களை மாற்றினார். ஒவ்வொரு மாற்றமும் யாரும் பார்க்கும்படி பதிவாகியிருப்பதால் அகப்பட்டது.

பிலிப் ராத் விஷயம் வேறு. 2000ல் வெளிவந்த அவருடைய ‘தி ஹியூமன் ஸ்டெயின்’ நாவலை அனடோல் பிராயர்டின் வாழ்க்கையோடு சேர்த்துப் பேசியிருந்ததை அவர் ஆட்சேபித்தார். ஆசிரியர் வாக்கு மட்டும் போதாது, வேறு ஆதாரம் வேண்டும் என்றார்கள். 2012ல் நியூயார்க்கர் தளத்தில் நீண்ட திறந்த கடிதம் எழுதி, தன் நண்பர் மெல்வின் ட்யூமினுக்குப் பிரின்ஸ்டனில் நேர்ந்ததே நாவலின் வித்து என்றார். அப்புறம் அந்தக் கடிதமே ஆதாரமாயிற்று. உலகம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராத் இப்படிச் சொன்னார் என்பதற்குக் கடிதம் சாட்சி. விமர்சகர்கள் பிராயர்டை நினைத்தார்கள் என்பது அதனால் அழிந்துவிடாது. படைப்பாளியின் விளக்கத்துக்குப் படைப்பு கட்டுப்பட்டதல்ல என்று இத்தனை வருஷம் வாதாடியவர்கள் நாம்தானே.

நம் சங்கடம் மூன்றாவது ஆள். ‘எழுத்து’ (1959–1970) காலத்திலிருந்தே, எழுதியவர்களும் வாசித்தவர்களும் மதிப்பிட்டவர்களும் அநேகமாக ஒரே கூட்டம். விதியைக் கறாராகப் பிடித்தால் நல்ல கவிஞர்கள் பாதிப் பேருக்குப் பக்கமே இராது. நான் செய்வது, இன்னார் இன்ன இதழில் இப்படி மதிப்பிட்டார் என்று எழுதுவது. அடைமொழி அதன் சொந்தக்காரனிடம் போய்ச் சேரும். அவன் சிநேகிதன்தானா என்பதை வாசகன் விசாரித்துக்கொள்ளட்டும்.

இதுவும் ஒரு இடத்தில் உதவவில்லை. காலமான ஒரு கவிஞரின் பக்கத்தில், அவர் கவிதைகளைப் பற்றிய ஆகச் சிறந்த கட்டுரை மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது. இதழ், மாதம், பக்கம் எல்லாம் சரி. கட்டுரையாளர் பெயர் அவருடைய புனைபெயர் என்பது எனக்கும் இன்னும் இருவருக்கும் தெரியும், அச்சில் எங்குமில்லை. தலைப்பை இங்கே நான் எழுதினால் போதும், நாளைக்கே இந்தப் பக்கம் ஆதாரமாகிவிடும். கட்டுரையோ உண்மையிலேயே நல்ல கட்டுரை. கையெழுத்துப் பிரதி அவர் வீட்டில் இருக்கிறது. வெளியிடச் சம்மதமா என்று கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை.