காலை நேரத்துத் தட்டொலி

கிண்ணியாவில் சுபஹுத் தொழுகை முடிந்து சிறிது நேரத்துக்கெல்லாம் ஒழுங்கைகள்தோறும் மோட்டார் சைக்கிள்கள் உயிர்பெறத் தொடங்கும். கொட்டியாரக் குடாவில் பிடித்த மீனைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு புறப்படும் வியாபாரியும், வயலுக்குச் செல்லும் விவசாயியும், திருகோணமலையில் கடமை பார்க்கும் உத்தியோகத்தரும் இவ்வாகனத்தை நம்பியே பொழுதைத் தொடங்குகின்றனர். 2009ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும் வரை 'பாதை'யில் ஏற்றி நீரைக் கடக்க வேண்டியிருந்த மோட்டார் சைக்கிள், இன்று சில நிமிடங்களில் அக்கரை சேர்ந்துவிடுகிறது.

ஆனால் அதை உதைத்துக் கிளப்பும் அந்தக் கணத்தில் சில வேளைகளில் வேறோர் ஒலியும் கூடவே எழும். தையல் இயந்திரம் ஓடுவது போன்ற 'டிக், டிக்' என்னும் தட்டொலி அது. சிலவற்றில் நாலைந்து நொடிகளில் அடங்கிவிடும். சிலவற்றில் எஞ்சின் சூடாகும் வரை கேட்கும். இன்னும் சிலவற்றில் அடங்கவே அடங்காது. "லிப்டர் போய்விட்டது, எஞ்சினைக் கழற்ற வேண்டும்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். கேட்டவருக்கு அன்றைய உணவு இறங்காது.

இந்த அச்சம் காரணமற்றதன்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய மோட்டார் சைக்கிளின் விலை ஏறியதை ஊரே அறியும். கையிலிருக்கும் வாகனம் கெட்டால் இன்னொன்று வாங்குவது ஏழைக் குடும்பத்துக்கு எளிதன்று. ஆகவே, இத்தட்டொலி எதைச் சொல்கிறது என்பதை அறிந்து வைத்திருப்பது யாவர்க்கும் பயன் தரும்.

எஞ்சினின் தலைப்பகுதியில் இரண்டு வால்வுகள் உள்ளன. ஒன்று பெற்றோல் கலந்த காற்றை உள்ளே விடுகிறது. மற்றது எரிந்த புகையை வெளியேற்றுகிறது. சுழலும் 'காம்' ஒன்று ஒரு சிறு நெம்புகோலைத் தள்ள, நெம்புகோல் வால்வைத் திறக்கிறது. வில்லுச்சுருள் அதனை மூடுகிறது. உலோகம் வெப்பத்தில் விரியும் என்பதை மாணவர்கள் அறிவர். வால்வு சூடேறி நீளும்போது இடமிருக்க வேண்டுமல்லவா? அதற்காக நெம்புகோலுக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி விடப்படுகிறது. ஹொண்டா நிறுவனத்தின் சிறிய கப் வகை எஞ்சின்களில் அது 0.05 மில்லிமீற்றர், ஏறத்தாழ ஒரு தலைமயிரின் பருமன். இவ்விடைவெளி அகன்றால் நெம்புகோல் வால்வை மெல்லத் தள்ளாமல் அடிக்கத் தொடங்கும். எஞ்சின் இரு சுற்றுச் சுற்றினால் ஒவ்வொரு வால்வும் ஒரு முறை திறக்கும். நிமிடத்துக்கு 1,400 சுற்றில் எஞ்சின் நின்று ஓடினால் ஒரு வால்விலிருந்து 700 அடிகள் கேட்கும். எஞ்சினின் வேகத்தில் பாதி வேகத்தில் ஒலி வருகிறதா என்று கவனிப்பது இதனாலேயே.

அப்படியானால் 'லிப்டர்' என்பது யாது? இடைவெளியே இல்லாதபடி எண்ணெயின் அழுத்தத்தால் தானாகவே நீண்டு நிற்கும் ஒரு சிறு உருக்குக் கிண்ணம் அது. அமெரிக்க ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிளில் 1948ஆம் ஆண்டிலேயே அது வந்துவிட்டது. தமிழ்நாட்டில், 1955ஆம் ஆண்டு மெட்ராஸ் மோட்டார்சும் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து திருவொற்றியூரிலே தயாரிக்கத் தொடங்கிய புல்லட்டில், நெடுங்காலம் கையால் திருகிச் சரிசெய்யும் 'டப்பட்'டே இருந்தது. 2008ஆம் ஆண்டு முதல் வந்த அவர்களது புதிய வகை எஞ்சினில் எண்ணெயால் இயங்கும் லிப்டர் இடம்பெற்றது. அத்தகைய எஞ்சின் இரவில் நிற்கும்போது, எந்த வால்வு திறந்த நிலையில் நின்றதோ அதன் லிப்டரிலிருந்து எண்ணெய் மெல்லக் கசிந்துவிடும். காலையில் பம்பு எண்ணெயை ஏற்றும் வரை சில நொடிகள் தட்டும். ஒரு நாள் ஒலித்து மறுநாள் ஒலியாமல் இருப்பதன் காரணமும் இதுவே. சில நொடிகளில் அடங்குமாயின் அஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் எமது ஊரில் ஓடும் 100 சி.சி. வாகனங்களில் பெரும்பாலானவற்றிலே இந்த லிப்டர் கிடையாது, திருகாணிதான் உண்டு. இல்லாத உறுப்புப் பழுதாகுமா? "லிப்டர் போய்விட்டது" என்று கேட்டவுடன் மனத்தில் எழ வேண்டிய முதற் கேள்வி இது.

எனக்குப் பழக்கமான மீன் வியாபாரி ஒருவர் அண்மையில் இதே கவலையோடு வந்தார். "எஞ்சினை இறக்க வேணுமாம் நானா. மனிசியின் காப்பை அடகு வைக்கிறதைத் தவிர வழியில்ல" என்றார். "காப்பு கையிலேயே இருக்கட்டும் தம்பி. நாளைக் காலையில் நான் வரும் வரை சைக்கிளைக் கிளப்பாமல் வையுங்கள்" என்றேன். நோயாளி ஓடிக் களைத்து வந்தால் பரியாரியாருக்கு நாடி பிழையாகவே பேசும், எஞ்சினும் அப்படித்தான். ஆறிய நிலையிலேயே அதனைச் சோதிக்க வேண்டும்.

மறுநாள் வாகனத்தைச் சமதரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, முதலில் எண்ணெய்க் கோலை எடுத்துப் பார்த்தோம். அதன் நுனியில் மட்டும் கரிய எண்ணெய் ஒட்டியிருந்தது. இத்தகைய எஞ்சின் கொள்ளும் எண்ணெய் ஏறத்தாழ ஒரு லீற்றர். அதிலே கால் லீற்றர் குறைந்தாலும் இழப்பு பெரிது. குளிர்நாடுகளில் காலையில் எண்ணெய் இறுகி மேலேறத் தாமதிக்கும் என்பார்கள். எமது மாவட்டத்தில் விடியற்காலையிலும் வெப்பம் 20 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்குவது அரிது. ஆதலால், ஒரு நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் தட்டொலிக்குக் குளிரைக் காரணம் காட்டுவது இங்கே பொருந்தாது.

பழைய எண்ணெயை வடித்துப் புதிய எண்ணெயை அளவாக ஊற்றிக் கிளப்பினோம். ஒலி பெருமளவு தணிந்தது. ஆயினும் ஒரு தட்டு எஞ்சியது. மரப்பிடியுள்ள நீண்ட திருப்புளியின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதருகே எலும்பில் வைத்துக் கேட்டேன். டைமிங் செயின் ஓடும் பக்கம் அமைதியாக இருந்தது. கீழே கிராங்க் இருக்கும் இடமும் அமைதியாக இருந்தது. புகை வெளியேற்றும் வால்வின் மூடியில் வைத்தபோது தட்டு தெளிவாகக் கேட்டது. புகைக்குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் வாயு கசிந்தாலும் இதே போன்ற ஒலி எழும். உலோகம் சூடாகி விரிந்ததும் அடங்கும். அங்கே கையை அருகே வைத்துப் பார்த்ததில் காற்று வீசவில்லை.

மாலையில் எஞ்சின் நன்றாக ஆறிய பின், பிஸ்டனை அழுத்த வீச்சின் உச்சிக்குக் கொண்டுவந்து, பீலர் கேஜ் என்னும் தகட்டளவியால் இடைவெளியை அளந்தோம். 0.05 இருக்க வேண்டிய இடத்தில் 0.20 இருந்தது. திருகாணியைச் சரிசெய்து பூட்டினோம். ஒலி மெல்லிய முணுமுணுப்பாக மாறியது.

"இன்னும் கொஞ்சம் இறுக்கினால் சத்தமே இராதே, நானா?" என்றார் நண்பர். இங்கேதான் பலரும் எஞ்சினை இழக்கிறார்கள். இடைவெளியை முற்றாக ஒழித்தால் சத்தம் நிற்கும். ஆனால் சூடேறி நீண்ட வால்வு தன் இருக்கையில் முழுமையாக அமராது. வால்வு தன் வெப்பத்தைப் பெரும்பாலும் இருக்கையின் வழியாகவே எஞ்சின் தலைக்குக் கொடுத்து ஆறுகிறது. அமராத வால்வு ஆறாது, அதன் விளிம்பு எரிந்து தீயும், அழுத்தம் குறையும், பிறகு எத்தனை முறை உதைத்தாலும் வாகனம் கிளம்பாது. அளவோடு தட்டும் வால்வு நெடுநாள் உழைக்கும். இதனைக் கேட்ட நண்பர் திருகாணியை மறுபடி தொடச் சொல்லவில்லை.

ஒரு கேள்வி மட்டும் எஞ்சியிருந்தது. குறைந்த எண்ணெய் எங்கே போயிற்று? நிலத்தில் கசிவின் அடையாளம் இல்லை. முறுக்கிய போது புகைக்குழாயில் நீலப் புகை தோன்றியது. எண்ணெய் உள்ளே எரிகிறது என்பதற்கு அது சாட்சி. பிஸ்டன் வளையங்களோ வால்வுத் தண்டின் சீலோ தேய்ந்திருக்கலாம். ஆகவே எஞ்சினை ஒருநாள் பிரிக்கத்தான் வேண்டும் என்பதை அவரிடம் மறைக்கவில்லை. ஆனால் அந்த நாள் இன்றாக இருக்க வேண்டியதில்லை. அதுவரை வாரந்தோறும் கோலைப் பார்த்துக் குறைந்ததை ஊற்றி வந்தால், அவசரக் கடனின்றிச் சிறிது சிறிதாகப் பணம் சேர்த்துக்கொள்ளலாம். இப்போது அவருடைய மீன்பெட்டிக்குப் பக்கத்தில் எண்ணெய்ப் போத்தல் ஒன்றும் பயணம் செய்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகுமுன் கோலைப் பார்ப்பது அவர் வழக்கமாகிவிட்டது.

வாசகர்கள் ஒன்றை நினைவில் வைத்தல் நலம். கீழ்ப்பகுதியிலிருந்து கனத்த 'டொக், டொக்' ஒலி எழுந்து, பாரம் ஏற ஏற வலுத்தால், உடனே நிறுத்திவிட வேண்டும். அது வேறு நோய். மேலே கேட்கும் மெல்லிய தட்டொலிக்கோ முதலில் எண்ணெய்க் கோலையும், பின்பு காதையும், அதன் பின்னர் தகட்டளவியையும் நாடுங்கள். பணப்பையைத் திறப்பது இம்மூன்றுக்கும் பிறகு இருக்கட்டும்.