கனகசெட்டிக்குளத்தில் ஒரு தட்டுச் சோறு

புதுச்சேரிக்குப் போகிறவர்கள் கடற்கரையில் காற்று வாங்கிவிட்டு, மணக்குள விநாயகரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நாம் சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், சென்னை செல்லும் கடலோரச் சாலையில் வடக்கே புறப்பட்டோம்.

முத்தியால்பேட்டையைத் தாண்டியதும் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. பொம்மையார்பாளையம் கடந்து பிள்ளைச்சாவடி வந்தால் மறுபடியும் புதுச்சேரி! 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சு ஆட்சி கை மாறியது. அந்நியர் போட்ட எல்லைக் கோடுகள் மட்டும் மாறவில்லை. காலாப்பட்டுக்கும் அப்பால், அந்தத் துண்டு நிலத்தின் வடகோடியில் இருப்பது கனகசெட்டிக்குளம்.

காலாப்பட்டில் 1985-இல் பல்கலைக்கழகம் ஏற்பட்டதிலிருந்து பல மாநிலத்துப் பிள்ளைகள் இந்தச் சாலையில் நடமாடுகிறார்கள். உணவு விடுதிகளின் பலகைகளிலும் பல தேசங்கள் காட்சி தருகின்றன. நாம் நுழைந்த சிறு விடுதியில் 'ஃப்ரைட் ரைஸ்' கேட்டோம். மலாய்க்காரர் இதையே 'நாசி கோரெங்' என்பர். வியட்நாமியர் 'கொம் சியேன்' என்பர். எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றுதான்: வறுத்த சோறு.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சுடுசோற்றை வாணலியில் போட்டால் குழைந்துவிடும். வடித்து ஆறவைத்து, பருக்கை பருக்கையாக உதிர்ந்த சோறுதான் வேண்டும். அடுப்போ கனன்று எரிய வேண்டும். ஒரே தடவையில் பத்துப் பேருக்கு வறுத்தால் சோறு வறுபடாது, வேகும். ஆகையால், ஒவ்வொரு தட்டாக வறுத்துத் தரும் கடையாகப் பார்த்து உட்காருங்கள். முட்டையும் இறாலும் ஆகாதவர்கள் காய்கறி போட்டுக் கேட்கலாம். பகல் வேளையானால் சீரகச் சம்பா பிரியாணி கேளுங்கள். தம் திறந்த சூட்டோடு கிடைப்பதே உத்தமம்.

எதிரில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். "எப்படி ஐயா இருக்கிறது?" என்று கேட்டோம்.

"நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சைகோன் வாசனை இல்லை" என்றார்.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுவைத் தமிழர் பலர் இந்தோசீனாவுக்கு உத்தியோகத்துக்கும் பட்டாளத்துக்கும் போனது நேயர்கள் அறிந்ததே. இவர் தகப்பனாரும் அப்படிப் போனவர். 1975-இல் சைகோன் வீழ்ந்தபோது பிள்ளைப் பருவத்தில் ஊர் திரும்பினாராம்.

"அங்கே மீனையும் உப்பையும் மாதக்கணக்கில் ஊறவைத்து இறக்கிய சாற்றை ஊற்றுவார்கள். 'நுவோக் மாம்' என்று பெயர். இங்கே சோயாச் சாறு. அங்கே இருந்தவரையில் அம்மா ரசஞ்சோற்றை நினைத்து ஏங்குவாள். இங்கே வந்த பிறகு, சாகிற வரையில் இதை நினைத்து ஏங்கினாள்" என்றார்.

நமக்கு உடனே பதில் சொல்லத் தோன்றவில்லை. பெரியவரோ தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "தம்பி, கொஞ்சம் தயிர்சாதம் இருக்கிறதா?" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

நாமும் அதையே கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம்.