ஆலயத்தை அடுத்திருந்த மைதானம்

கிழக்கு லண்டனின் கிரீன் தெருவில், இரக்கத்தின் அன்னை ஆலயத்தைக் கடக்கும்போதெல்லாம் நம் கால்கள் இன்றும் சற்றுத் தயங்குகின்றன. அதன் அருகிலிருந்த போலின் மைதானம் இப்போது இல்லை.

கப்பல் கட்டும் தொழிலாளர் 1895இல் தொடங்கிய கழகத்தின் வழிவந்தது வெஸ்ட் ஹாம் காற்பந்து அணி. 1904இல் திருச்சபைக்குரிய நிலத்தை வாடகைக்குப் பெற்று அது இங்கே குடியேறிற்று. 1966இல் இங்கிலாந்துக்கு உலகக் கோப்பையை வென்று தந்த தலைவர் பாபி மூர் இம்மண்ணில் ஆடியவரே.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அந்நகரில் அந்நியராய் வாழ்ந்த தந்தையார், நாம் சிறுவராயிருந்தபோது நம்மைக் கைப்பிடித்து அங்கு அழைத்துச் சென்றார். படியேறியதும், நெருங்கிய வீடுகளின் நடுவே பசும்புல் விரிந்திருக்கக் கண்டு வியந்தோம். குமிழிகளைப் பற்றிய அவ்வணியின் பாடலை ஆயிரமாயிரம் பேர் ஒருகுரலாய்ப் பாடினர். எங்கும் அதிர்ந்து பேசாத தந்தையாரும் பாடினார். பந்து வலையைத் தொட்டதும், பெயரறியாத பக்கத்து மனிதர் அவரைத் தழுவிக்கொண்டார். அன்று அவர் முகத்தில் கண்ட மகிழ்ச்சியை நாம் மறந்தோமில்லை.

2016 மே 10 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டை 3–2 என வென்றும் பலர் கண்ணீர் சிந்தினர். தந்தையார் அதற்கு முன்பே இறைவனடி சேர்ந்திருந்தார்.

அணி ஒலிம்பிக் அரங்கிற்குச் சென்றுவிட்டது. பழைய இடத்தில் அடுக்குமாடி வீடுகள் எழுந்துள்ளன. ஆலயம் மட்டும் நிற்கிறது. அங்கே தந்தையாருக்காக மன்றாடும்போது, பாடிக்கொண்டிருக்கும் அவர் முகமே நம் கண்முன் தோன்றுகிறது.