ஊசியில்லாத சிரிஞ்ச்

ஒரு மில்லிலீட்டர் சிரிஞ்சின் ஊசியைக் கழற்றிவிட்டு, அதன் வாயை இலையின் அடிப்பக்கத்தில் வைத்து, உள்ளிருக்கும் திரவத்தை இலைக்குள் ஏற்ற வேண்டும். ஆய்வுகூடத்தில் மிஸ் எனக்குத் தந்த முதல் வேலை இதுதான். மேற்பக்கத்தில் ஒரு விரலை அண்டக் கொடுக்க வேண்டும். அழுத்தம் குறைந்தால் திரவம் ஓரத்தால் வழிந்து கையுறையை நனைக்கும். கூடினால் இலை பொத்துக்கொள்ளும். சரியாக இறங்கினால், ஈரம் இலைக்குள் கரும்பச்சையாகப் படர்வது கண்முன்னே தெரியும். வாரக்கணக்கில் எனக்குக் கிடைத்தவை பொத்தல்கள்தான். மிஸ் யாழ்ப்பாணத்தவர், குரலை உயர்த்தமாட்டார், ஆனால் ஒன்றையும் விடவும்மாட்டார். "தள்ளாதேயும் பிள்ளை. இலை குடிக்கிற வேகத்துக்கு விடும்" என்பார்.

இலையைத் தேர்ந்தெடுப்பதில்தான் முதலில் கை படிந்தது. நான் டிக்கோயாத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள். அம்மா கொழுந்து எடுப்பவர். கண் பார்க்குமுன்பே அவர் விரல் இலையின் பதத்தைச் சொல்லிவிடும். நாங்கள் பயன்படுத்தியது பெந்தாமியானா என்ற ஆஸ்திரேலியக் காட்டுப் புகையிலை. அதிலும் மிக இளசானது திரவத்தை ஏற்காது, முற்றினது சரியாக வேலை செய்யாது. நுனிவிரலில் மெத்தென்று வளைந்து, விட்டதும் நிமிரும் இலையே வேண்டும். அதைக் கண்டுகொண்ட பிறகு பொத்தல்கள் குறைந்தன.

திரவத்தில் இருந்தது அக்ரோபாக்டீரியம் என்ற மண் நுண்ணுயிர். நாம் கொடுக்கும் மரபணுவை அது இலையின் கலங்களுக்குள் கொண்டுசேர்க்கும். முதலில் பச்சையாக ஒளிரும் ஒரு புரதத்தின் மரபணுவை அனுப்புவோம். புற ஊதாக்கதிர் விளக்கைப் பிடித்தால், மற்ற இடமெல்லாம் பச்சையத்தின் சிவப்பாகத் தெரிய, ஏற்றிய இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். ஐந்தாம் நாள் வாக்கில் அந்தப் பச்சை மங்கிவிடும். அளவுக்கு மீறி வரும் அந்நிய ஆர்.என்.ஏவைச் செடி 21 முதல் 24 எழுத்து நீளமான துண்டுகளாக நறுக்குகிறது. பிறகு அந்தத் துண்டுகளையே அடையாளமாக வைத்து, அதே வரிசை உள்ள ஆர்.என்.ஏவைத் தேடித் தேடி வெட்டுகிறது. வைரஸுக்கு எதிராகவும் செடிக்கு இருக்கும் காவல் இதுவே. வைரஸ் சும்மா இருப்பதில்லை. தக்காளிப் புதர்க்குட்டை வைரஸின் பி19 புரதம் அந்தத் துண்டுகளைக் கவ்விக்கொள்கிறது. உருளைக்கிழங்கு இலைச்சுருள் வைரஸின் குடும்பத்தில், பி0 என்ற புரதம் வெட்டும் கருவியையே அழிக்கிறது. இப்படிப்பட்ட ஒடுக்கிப் புரதத்தைச் சேர்த்து ஏற்றினால், பச்சை மங்காமல் நிற்கும்.

டிசம்பரில் எங்கள் சோதனை குழம்பியது. ஒடுக்கி எதுவும் சேர்க்காத, ஒப்பீட்டுக்கான இலையும் மங்காமல் நின்றது. குழாய்கள் கலந்துவிட்டன என்று எண்ணி நுண்ணுயிரைப் புதிதாக வளர்த்தேன். கரைசலை மாற்றினேன், வேறு செடிகளை எடுத்தேன். பச்சை போகவே இல்லை. இரவு விளக்கை அணைத்துவிட்டு அறைக்கு வந்தாலும் அந்தப் பச்சையே கண்ணில் நிற்கும். மிஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அறைக்குள்ள எவ்வளவு குளிர் எண்டு பார்த்தனீரா?"

வெப்பமூட்டி பழுதாகி, செடி அறை 15 பாகை செல்சியஸைச் சுற்றியே நின்றிருந்தது. அந்தக் குளிரில் செடியால் சிறு துண்டுகளைப் போதுமான அளவு உருவாக்க முடியாது என்று ஹங்கேரிய ஆய்வாளர்கள் 2003இலேயே காட்டியிருந்தார்கள். ஆய்வுக்கட்டுரையை மேசையில் வைத்துவிட்டு மிஸ் போய்விட்டார். வெப்பமூட்டியைத் திருத்தி மறுபடி ஏற்றியபோது, ஒப்பீட்டு இலை மங்கியது. ஒடுக்கி சேர்த்த இலை பளிச்சென்று நின்றது. குளிர் செடியின் காவலைத் தளர்த்துவதை அன்று என் கையாலேயே கண்டேன்.

இந்தத் துறையின் முதல் ஆய்வுகளில் நம்மவர் பெயர்கள் இருப்பது எனக்குப் பெருமை. வைரஸ் ஒடுக்கியை முதலில் காட்டிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரைகளில் ஒன்றின் முதல் பெயர் ஆனந்தலட்சுமி. இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸின் ஏசி4 புரதம் வலிய ஒடுக்கி என்பதை 2004இல் எழுதியவர்கள் வனிதாராணியும் செல்லப்பனும் அவர்களுடைய குழுவினரும்.

அந்த வைரஸ் நம் மரவள்ளியில் இருப்பதுதான். 2015இல் கம்போடியாவில் கண்டறியப்பட்டு, வியட்நாம், தாய்லாந்து என்று பரவியது. வெள்ளை ஈ அதைக் கடத்துகிறது. நோயுள்ள தடியை நட்டால் நாமும் கடத்துகிறோம். இலை உதிர்ந்த தடியைப் பார்த்து நோயைச் சொல்ல முடியாது. ஆகவே மரவள்ளி நடும் வீட்டாரிடம் ஒரு வேண்டுகோள்: இலை நிற்கும்போதே மஞ்சள் தேமலும் முறுக்கலும் இல்லாத செடிகளில் ஒரு துணி கட்டி வையுங்கள். அடுத்த நடவுக்கு அவற்றில் மட்டும் தடி வெட்டுங்கள். அயலவர் கேட்டாலும் அதிலிருந்தே கொடுங்கள்.