காலின் கீழ்ப் பலகை



சென்ற ஆண்டு, நெம்புகோல் பாடத்தையொட்டி ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் தங்களுக்குத் தெரிந்த ஓர் இயந்திரத்தை வரைந்து வரச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவன் நடமாடும் பாரந்தூக்கியை வரைந்திருந்தான். வண்டியின் இருபுறமும் நீண்ட நான்கு கால்கள். ஒவ்வொரு காலின் கீழும் அடுக்கிய பலகைகள். பாரந்தூக்கிக்குப் பலகை எதற்கு என்றெண்ணி, சிவப்பு மையில் ‘தேவையற்றவை’ என எழுதினேன். அதே வாரத்தில், கல்விச் சுற்றுலாக் கட்டணத்தை மூன்றாம் முறையும் கொண்டு வராததற்காக அவனை வகுப்பின் முன்னிலையில் கடிந்தும் கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து அவனுடைய தந்தை வந்தார். பாரந்தூக்கி இயக்குபவர். “கொஞ்சம் தவணை கொடுங்க டீச்சர், மூணு வாரமா வேலை இல்ல” என்றார். காரணத்தை நான் கேட்டிருக்கத் தேவையில்லை. ஆயினும் கேட்டேன்.

ஒரு கால்வாயின் மேல் பாலத்திற்கான கற்காரை உத்திரத்தை இரவில் தூக்கி வைக்க வேண்டியிருந்ததாம். மாலை முழுவதும் மழை. வண்டியின் ஒரு கால் ஊன்ற வேண்டிய இடம், குழாய் பதிப்பதற்காக அண்மையில் தோண்டி மூடப்பட்ட மண். இரும்புத் தகடுகள் வேண்டும், இல்லையேல் வண்டியை நகர்த்த வேண்டும் என்று இவர் கேட்டிருக்கிறார். விடிவதற்குள் சாலையைத் திறந்தாக வேண்டும் என்றார் மேற்பார்வையாளர். இவர் மறுத்தார். வேறொருவரை அழைத்து வேலையை முடித்தார்கள்.

“என்ன ஆயிற்று?” என்றேன்.

“ஒண்ணும் ஆகல டீச்சர். நல்லபடியா முடிஞ்சிருச்சு. சந்தோஷம்தான்.”

அதன்பின் அவரை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை.

மேசையிலிருந்த அடிக்கோலையும் அழிப்பானையும் எடுத்து அவரே எனக்குப் பாடம் நடத்தினார். 50 டன் பாரந்தூக்கி எனில் எங்கும் 50 டன் தூக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அந்த அளவு, வண்டியின் நடுவிலிருந்து ஏறத்தாழ 3 மீட்டர் தொலைவுக்கு மட்டுமே. கை நீள நீளப் பளு குறைந்துகொண்டே போகும். 20 மீட்டருக்கு அப்பால் சில டன்களே. கொக்கி, கயிறு ஆகியவற்றின் எடையையும் அதற்குள் கணக்கிட வேண்டும். பளு ஏறியதும் நீண்ட கை சற்று வளையும். அதனாலேயே தொலைவு இன்னும் கூடிவிடும். நெம்புகோலை நான் இருபது ஆண்டுகளாகச் சீசாப் பலகையை வைத்தே நடத்தி வந்தவள். அவரோ ஒவ்வொரு நாளும் அதன் மேல் அமர்ந்து பிழைப்பவர்.

வரம்பு மீறினால் எச்சரிக்கும் கருவி இருக்குமே என்றேன். இருக்கிறதாம். அவருடைய வண்டியிலுள்ள கருவிக்கு எடை தெரியும், தொலைவு தெரியும், தரை தெரியாது. கை ஒரு மூலையை நோக்கித் திரும்பும்போது, வண்டியும் பளுவும் சேர்ந்த மொத்த எடையில் பெரும்பகுதி அந்த ஒரே காலின் மேல் இறங்குகிறது. அந்த எடையை அகலமான பரப்பில் பரப்பத்தான் பலகையும் தகடும். காலின் கீழ் மண் சிறிது அமிழ்ந்தாலும் வண்டி சாயும். சாய்ந்தால் பளு விலகிப் போகும். தொலைவு கூடிக் கவிழ்ந்துவிடும்.

காற்றைப் பற்றியும் சொன்னார். பின்னர் நானே தேடிப் படித்தேன். 1999 ஜூலை 14 அன்று அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், விளையாட்டரங்கின் 400 டன்னுக்கும் மேற்பட்ட கூரைப் பகுதியைக் காற்று வீசும் வேளையில் தூக்கியபோது ‘பிக் புளூ’ என்னும் மாபெரும் பாரந்தூக்கி சரிந்தது. அருகே மற்றொரு பாரந்தூக்கியில் தொங்கிய கூடையில் நின்ற மூன்று தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அன்றும், சற்றுப் பொறுக்கலாம் என ஒருவர் சொல்லி, அது ஏற்கப்பட்டிருந்தால், மறுநாள் அவரைப் பற்றி எந்தச் செய்தியும் வந்திராது.

மறுநாள், கடிந்துகொண்ட அதே வகுப்பின் முன்னிலையில் அவனிடம் வருத்தம் தெரிவித்தேன். கட்டணத்தைப் பற்றிப் பிறகு கேட்கவில்லை. படத்தில் நான் எழுதியதை அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவன் அதை வாங்கிச் சற்று நேரம் பார்த்தான்.

“டீச்சர், இந்தக் காலுக்குப் பலகை பத்தாதுன்னு அப்பா சொன்னாரு. இரும்புத் தகடு வரையணும். நாளைக்குக் கொண்டு வரட்டுமா?”