தெரிந்தும் தெரியாத வள்ளி

பெண் பார்க்கப் போகிற பிள்ளையாண்டானைக் கவனித்திருக்கிறீர்களா? பெண்ணை நாலு நாள் முன்னதாகவே கோயில் பிராகாரத்தில் ஒளிந்து நின்று பார்த்தாயிற்று. என்ன படிப்பு, என்ன பாட்டு என்பதையெல்லாம் துப்பறிந்தும் ஆயிற்று. ஆனாலும் கூடத்து ஜமக்காளத்தில் உட்கார்ந்து, இப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பவன் போல அவன் தலையை நிமிர்த்த வேண்டும். கொஞ்சம் முந்தி நிமிர்ந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். நிமிராமலே இருந்தாலோ, பெண் பிடிக்கவில்லை என்று அர்த்தமாகிவிடும். தெரிந்ததைத் தெரியாதது போல நடத்திக் காட்டுவது லேசுப்பட்ட காரியமா, என்ன?

இதையே தொழிலாகக் கொண்டு விடிய விடியச் செய்கிறவர்கள் ராமநாதபுரம் சீமையில் இருக்கிறார்கள். திருவாடானையைச் சுற்றியுள்ள கிராமங்களில் திருவிழாக் காலம் வந்துவிட்டால் 'ஸ்பெஷல் நாடக'ப் போஸ்டர்கள் சுவர்களில் ஏறிவிடும். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் வேறோர் ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசி வரவழைக்கிறார்கள். ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. இரவு பத்து மணிக்கு ஹார்மோனியம் எழும்பும்போதுதான், தனக்கு இன்று மாலையிடப் போகும் முருகன் யார் என்பதே சில வள்ளிகளுக்குத் தெரியும்! பாட்டுகளில் பெரும்பாலானவை சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதி வைத்துவிட்டுப் போனவை. வசனம் மட்டும் அந்தந்த நிமிஷத்தில் வாயில் வருவதுதான்.

சென்ற வைகாசியில் அப்படி ஒரு வள்ளி திருமணத்துக்குப் போயிருந்தேன். கோவையில் கல்லூரியில் படிக்கும் என் அக்காள் மகனும் கூட வந்திருந்தான்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். நம்பிராஜன் மகள் வள்ளி தினைப்புனம் காக்கிறாள். மணந்தால் முருகனைத்தான் மணப்பது என்று குழந்தையிலிருந்தே அவளுக்கு வைராக்கியம். அந்த முருகனே வேடனாக வந்து பல்லைக் காட்டுகிறான், விரட்டுகிறாள். கிழவனாக வருகிறான், தேனும் தினைமாவும் கொடுத்துவிட்டு, அப்புறம் விரட்டுகிறாள். அதாவது, முருகனுக்காகவே முருகனை விரட்டுகிறாள். 'இவர்தான் அவர்' என்று வள்ளிக்குத் தெரிந்துவிட்டால் பதினைந்து நிமிஷத்தில் மங்களம் பாடிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். வள்ளிக்குத் தெரியாததுதான் நாடகத்தின் முதல். வேஷம் கட்டிய அம்மாளுக்கோ எல்லாம் தெரியும். எத்தனையோ வருஷமாகத் தெரியும்.

அன்று அந்த அம்மாள் ஓரிடத்தில் வழுக்கிவிட்டார். வேடனோடு தர்க்கம் சூடு பிடித்திருந்தது. வேகத்தில், "போங்க சாமி!" என்று வாய் தவறி வந்துவிட்டது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "பாவி மக, சொல்லிப்புட்டாளே!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். வேடனும் விடவில்லை. "சாமின்னு கூப்பிட்டியே, எந்தச் சாமியைச் சொன்னே?" என்று மடக்கினார். வள்ளி கண் இமைக்கவில்லை. "எங்க ஊர்ல பிச்சைக்கு வர்றவுகளையும் சாமின்னுதான் சொல்லுவோம். பானையில பழையது இருக்கு, ஊத்தவா?" என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

என் மருமகன் துள்ளி உட்கார்ந்தான். "மாமா, எங்க விளையாட்டிலும் இதுதான் பெரிய சண்டை!" என்றான்.

விசாரித்தேன். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் கொண்டுவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டாம் அது. மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருகிறார்கள். ஒருவர் கதை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். இருபது முகப் பகடையை உருட்டிக் காரியம் பலித்ததா இல்லையா என்று பார்க்கிறார்கள். வேஷமும் கிடையாது, மேடையும் கிடையாது. ஆனால் இதிலும் வசனம் வாயில் வருவதுதான்.

தகராறு எங்கே வருகிறது? அந்த விளையாட்டில் 'ட்ரோல்' என்று ஓர் அரக்கன் உண்டு. வெட்டினால் காயம் தானே ஆறிவிடும். நெருப்போ அமிலமோ பட்டால்தான் ஆறாது. இது விளையாடுகிறவன் புத்தகத்தில் படித்த விஷயம். அவனுடைய பாத்திரமோ நேற்றுத்தான் கிராமத்தை விட்டுக் கிளம்பிய பட்டிக்காட்டுப் பையன். அவன் அரக்கனைக் கண்டதும் தீப்பந்தத்தைத் தேடலாமா? தேடினால் 'மெட்டாகேமிங்' என்று மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்களாம். தேடாமல் கத்தியாலேயே வெட்டிக்கொண்டிருந்தால் பாத்திரம் பரலோகம் போய்விடும். மாதக்கணக்காக ஆடி வளர்த்த பாத்திரமாயிற்றே! இதற்காகச் சிநேகிதர்கள் இரண்டு வாரம் பேசாமல் இருந்ததும் உண்டாம்.

எனக்குத் திருவாடானையின் பெயர்க் கதை ஞாபகம் வந்தது. வருணன் மகன் வாருணி, துர்வாசர் சாபத்தால் ஆட்டுத் தலையும் ஆனை உடலுமாக ஆனான். இங்கே ஆதிரத்தினேசுவரரை வழிபட்டுச் சாபம் நீங்கினான். ஆடும் ஆனையும் சேர்ந்ததே ஆடானை என்கிறது தலபுராணம். பாத்திரத்தின் உடம்பில் நடிகரின் தலை ஒட்டிக்கொண்டால் அப்படித்தான் இருக்கும். தினைப்புனக் குறத்தி திடீரென்று, "திருக்குறளில் எத்தனை அதிகாரம்? தத்துவங்கள் தொண்ணூற்றாறு எவை எவை?" என்று வேடனைக் கேட்கிறாள். கேட்பது வள்ளியா, இல்லை, வேஷக்காரியின் படிப்பு. ஆனால் அவரைக் குறை சொல்லி என்ன செய்வது? தர்க்கத்தில் ஜெயித்தவர் பெயர்தான் பத்து ஊருக்குப் பரவும். அடுத்த வருஷத்துத் தேதிகள் அதைப் பொறுத்தவை. வீட்டில் அடுப்பெரிவது தேதிகளைப் பொறுத்தது. படித்ததை மறைத்துக்கொண்டு, குறத்தியாக மட்டும் நின்று, எதிராளியிடம் 'தோற்றாள்' என்று பெயர் வாங்க யாருக்கு மனம் வரும்? (பபூனுக்கு மட்டும் இந்தக் கஷ்டமே இல்லை. அவர் டீசல் விலையும் பேசலாம், கலெக்டரையும் பேசலாம். கதைக்கு வெளியே ஒரு கால் வைத்து நிற்க அவருக்கு லைசென்ஸ் உண்டு.)

அதற்காக, நடிகர் தமக்குத் தெரிந்ததை அடியோடு மறந்துவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அரிச்சந்திரா மயான காண்டத்தைப் பாருங்கள். சந்திரமதி கழுத்துத் தாலி அவள் புருஷன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் என்பது வரம். பாம்பு தீண்டி இறந்த லோகிதாசனோடு அவள் சுடுகாட்டுக்கு வருகிறாள். வெட்டியான் கோலத்தில் நிற்கும் அரிச்சந்திரன் கால் பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்கிறான். ஏதுமில்லை என்கிறாள். கழுத்தில் தாலி இருக்கிறதே, அதை விற்றுக் கொண்டுவா என்கிறான். அந்த ஒரு வார்த்தையில் இருவருக்கும் வெளிச்சமாகிறது. அதை எப்போது சொல்வது? ஒத்திகை இல்லை, குறித்து வைத்த இடம் இல்லை. அழுகை உச்சத்துக்கு வரும்வரை ராஜபார்ட் பொறுக்க வேண்டும். 'இனி சொல்லலாம்' என்பதற்கு அடையாளமாக, அழுதுகொண்டே ஸ்திரீபார்ட் கழுத்தை விளக்குப் பக்கம் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு மணி நேரம் முன்பு மேடைக்குப் பின்னால் சேர்ந்து டீ குடித்தவர்கள்தான் இவர்கள்! முடிவு தெரிந்த இரண்டு பேர், தெரியாத இரண்டு பேருக்கு வழி விடுகிறார்கள். தெரிந்திருப்பதால்தான் அந்த இடம் அப்படி அமைகிறது.

பார்க்கிறவர்களுக்குத் தெரிந்திருப்பது இன்னொரு கணக்கு. 1920-களில் கே.பி. சுந்தராம்பாள் வள்ளியாகவும் எஸ்.ஜி. கிட்டப்பா வேலனாகவும் நின்றார்கள். மேடைக்கு வெளியே இருவரும் தம்பதிகள் என்பது ஊருக்கே தெரிந்த பிறகு, வள்ளி வேலனை விரட்டுவதைப் பார்க்க ஜனங்கள் முண்டியடித்தார்களே தவிரக் குறையவில்லை. 1933-ல், இருபத்தேழு வயதிலேயே கிட்டப்பா காலமானார். அப்புறம் அந்த அம்மாள் வெள்ளைப் புடைவைக்கு மாறினார். எந்த ஆணோடும் ஜோடியாக நடிக்கவே இல்லை.

என் மருமகனுக்கு ஒரு சந்தேகம் பாக்கி. "கதை தெரிந்த பாட்டி ஏன் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறாள், மாமா?" என்றான். அவளையே கேள் என்றேன். கேட்டான்.

"முருகன் யாருன்னு எனக்குத் தெரியும் தம்பி. அவளுக்குத் தெரியாதுல்ல! தெரியும்போது அவ மூஞ்சியைப் பார்க்கணுமே" என்றாள் பாட்டி.

நாலரை மணிக்கு அந்த மூஞ்சியையும் பார்த்தாள். எழுந்து, பாயைச் சுருட்டினாள்.

காலையில் டீக்கடை வாசலில் வள்ளி அம்மாள் பெட்டியோடு நின்றிருந்தார். முகத்தின் ஓரத்தில் அரிதாரம் முழுக்கப் போகவில்லை. இன்று ராத்திரி தொண்டிப் பக்கத்தில் நாடகமாம். முருகன் யார் என்று கேட்டேன்.

"தெரியலை சார். புதுக்கோட்டைக்காரராம்" என்று சொல்லிவிட்டுப் பஸ் வருகிறதா என்று பார்த்தார்.